வளையும் கை, வளையாத கை

புதுச்சேரியில் ஒரு பள்ளிப் பையன் வேகமாகப் பந்து போடுகிறான் என்று வெளியே தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவனை யாரும் சும்மா விடுவதில்லை. பள்ளி அணிக்கு அவன் வேண்டும். கிளப்புக்கு வேண்டும். புதுச்சேரி அணிக்கு ஆள் எடுத்தால் அங்கேயும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டியிலும் முதல் ஓவர் அவனுடையதுதான். பிரதேசம் சிறியது. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தே மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம். வேகமான கை இங்கே அபூர்வம். அதனால் கிடைத்த ஒரு கையை எல்லாரும் பிடித்து இழுக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியின் பிட்சருக்கு நேர்வதும் இதுதான். அணியில் ஒன்பது பேர் இருந்தாலும் ஆட்டம் அவன் தோளில் இருக்கிறது. நல்ல பிட்சர் ஒருவன் வாய்த்தால் ஜப்பானில் சாதாரணப் பள்ளியும்கூட தேசியப் போட்டி வரை போய்விடும். 14 வயதிலிருந்து 18 வயது வரைக்குமான இந்த இரண்டு பையன்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தை எப்படிப் பேசவைப்பது என்பதில் இரண்டு ஆட்டமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பந்து போடுகிறவனின் உடம்பை எப்படிக் காப்பது என்பதில் பேஸ்பால் நம்மைவிட வெகுதூரம் போய்விட்டது, அதுவும் பெரிய விலை கொடுத்துத்தான்.

அளவுகளைப் பார்த்தால் இருவரும் சகோதரர்கள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். சுற்றளவிலும் சில மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 20.12 மீட்டர், பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து ஹோம் பிளேட் வரை 18.44 மீட்டர். இரண்டிலும் மட்டையோடு நிற்பவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நொடி. ஒற்றுமை இவ்வளவுதான்.

கிரிக்கெட் பௌலர் ஓடிவருகிறான். பதினைந்து, இருபது அடி எடுத்து வைத்துச் சேர்த்த வேகத்தை முன்கால் ஊன்றும் அந்த நொடியில் நிறுத்தி, கை வழியாகப் பந்துக்கு அனுப்புகிறான். முழங்கை நிமிர்ந்தபடி வர வேண்டும். மடங்கி நீள்வதற்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தந்திருக்கும் சலுகை 15 டிகிரி. அதைத் தாண்டினால் அது எறிதல். நம் தெருக்களில் ‘மாங்கா அடிக்கிறான்டா’ என்று எதிரணி கத்துமே, அந்தக் குற்றம்தான். பேஸ்பாலில் அந்த மாங்காயே ஆட்டம். பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. 25 சென்டிமீட்டர் உயர மண்மேட்டின் மேல் நின்று, ஒரு காலைத் தூக்கி, ஏறத்தாழ தன் உயரத்துக்கு நீளமான ஒரே ஓர் எட்டு வைக்கிறான். இடுப்பு முதலில் திரும்புகிறது, பிறகு மார்பு, பிறகு தோள். மடங்கிய முழங்கை கடைசியில் சவுக்கின் நுனிபோலச் சொடுக்கி நீள்கிறது. அந்தக் கணத்தில் மேல்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரி அளவில் இருக்கும். மனித உடலில் அளந்து பார்த்த அசைவுகளில் மிக வேகமானது அது.

ஆக, ஒருவன் கால்களிலிருந்தும் முதுகிலிருந்தும் வேகம் எடுக்கிறான். மற்றவன் இடுப்பின் முறுக்கிலிருந்தும் தோளிலிருந்தும் எடுக்கிறான். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டி காட்டியது. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க முகவர் நாடு முழுக்கப் பிட்சர்களைத் தேடினார். கிரிக்கெட் நாட்டில் தேடினால் பௌலர்கள்தானே முன்னால் வர வேண்டும்? தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவருமே உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் பையன்கள். அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் பழகி, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்தப் போட்டிக்கு முன் அவர்கள் பேஸ்பாலைக் கையில் எடுத்ததே இல்லை. ஆனால் ஈட்டி அவர்களுடைய தோளுக்குப் பின்னால் போய்த் திரும்பும் வழியைச் சொல்லிக்கொடுத்திருந்தது. ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் சில ஆண்டுகள் நன்றாகவே ஆடினார். பிறகு காயங்கள் பல பருவங்களைத் தின்றுவிட்டன.

பந்தை அசைப்பதில் நம் பௌலருக்கு ஒரு வசதி கூடுதல். அவனுக்குத் தரை இருக்கிறது. பந்து மண்ணில் பட்டு எழும் அந்த ஒரு கணத்தில் பாதி வேலை முடிந்துவிடும். காற்றில் அவனுக்கு உதவுவது எடுப்பாக நிற்கும் தையல். புதுப் பந்தின் தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசினால் ஒரு பக்கத்துக் காற்று சீராக வழுக்கிப்போகும், மறு பக்கத்துக் காற்று தையலில் மோதிக் குழம்பும்; அந்த வேறுபாட்டில் பந்து வளைகிறது. அதற்காகத்தான் ஒரு பக்கத்தை பேண்ட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறான்.

பிட்சரால் பந்தைத் தேய்க்க முடியாது. அழுக்கானால் பந்தையே மாற்றிவிடுவார்கள். தரையும் கிடையாது. 108 இரட்டைத் தையல்கள் ஓடும் அந்தப் பந்தில் விரல்களை எங்கே வைப்பது, விடும்போது எந்தப் பக்கம் உருட்டிவிடுவது, இவை மட்டும்தான் அவன் கையில் உள்ளவை. பின்னோக்கிச் சுழன்றால் பந்து விழ வேண்டிய அளவுக்கு விழாமல் மிதந்து வருவதுபோலத் தோன்றும். முன்னோக்கிச் சுழன்றால் சட்டென்று சரியும். நம் சுழல் பந்தில் காற்றிலேயே பந்து ‘இறங்குவது’ இதே காரணத்தால்தான். இந்த விஷயத்தில் பிட்சருக்கு நெருங்கிய சொந்தம் நம் வேகப்பந்துக்காரன் அல்ல, ஆஃப் ஸ்பின்னர்தான்.

பள்ளி வயதில் பிட்சர் முதலில் கற்க வேண்டியவை என்று நல்ல பயிற்சியாளர்கள் சொல்வது இரண்டு: நேரான வேகப்பந்து, சேஞ்ச்-அப். சேஞ்ச்-அப் என்பது கையின் வேகம் குறையாமல் பந்தின் வேகத்தை மட்டும் குறைப்பது. உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்தாலே போதும், பந்து பிந்தி வரும். மட்டையாளன் கையைப் பார்த்து ஏமாறுகிறான். இது நமக்குப் புதிதா என்ன? தெரு கிரிக்கெட்டில் கண்டு கற்ற சொடக்குப் பந்தைத்தான் அஸ்வின் கேரம் பால் என்ற பெயரில் சர்வதேச மைதானத்துக்குக் கொண்டுபோனார். டென்னிஸ் பந்தில் மணிக்கட்டைத் திருப்பி, விரலால் சொடுக்கி, மெதுவாக விட்டு ஆளை ஏமாற்றும் வித்தைகளை நம் பையன்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுவிடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகள் பணம் கொடுத்துக் கற்பிக்கும் வித்தைகள் அவை.

குறி தவறாமை என்ற இடத்தில் பிட்சருக்குச் சோதனை கடுமையானது. ஹோம் பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். மட்டையாளனின் முழங்காலிலிருந்து மார்புக்குக் கீழ் வரை ஒரு கற்பனைச் சட்டம். அதற்கு வெளியே நான்கு பந்து போனால் எதிரணிக்காரன் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போய்விடுவான். நம் பௌலர் வைட் போட்டால் ஒரு ரன் போகும், இன்னொரு பந்து போட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சலுகைதான் நம் பள்ளி மைதானங்களில் வேகத்துக்கு அளவுக்கு மீறிய மரியாதை கிடைக்கக் காரணம் என்று நினைக்கிறேன். ஓவருக்கு இரண்டு வைட், ஒரு நோ-பால் போடும் பையனையும் ‘பேஸ் இருக்கு சார்’ என்று அணியில் வைத்துக்கொள்கிறோம். உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் அந்தப் பையன் இரண்டாவது இன்னிங்ஸ், அதாவது ஆட்டத்தின் இரண்டாவது சுற்று, தாண்ட மாட்டான்.

குறி என்பது கண்ணில் இருப்பதில்லை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. இதைக் காண உப்பளம் மைதானம்போல ஏதாவது ஓரிடத்தில் காலை வலைப்பயிற்சிக்குப் போய், பந்து போகும் திசையைப் பார்க்காமல் பௌலிங் கிரீஸைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பையன் புதிதாக இருக்கும்போது அவன் முன்கால் ஷூவின் ஸ்பைக் தடம் ஒரே இடத்தில் விழும். ஆறாவது பந்தில் அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி பறிந்திருக்கும். முக்கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தடங்கள் சிதற ஆரம்பிக்கும். ஒன்று கோட்டைத் தாண்டி, ஒன்று அரை அடி பின்னால், ஒன்று ஓரமாகச் சாய்ந்து. ஊன்றிய முழங்கால் மடங்கும். தலை பக்கவாட்டில் விழும். பையன் ‘இன்னும் போடறேன் சார்’ என்பான். அவன் வாய் சொல்வதை நம்பாதீர்கள், தரை சொல்வதை நம்புங்கள். பிட்சரிடமும் களைப்பு இப்படித்தான் தெரியும்: முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கும், உடம்பு முன்னால் சாயாமல் நிமிர்ந்தே நிற்கும், பந்து உயரே உயரே போகும்.

மன உறுதியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிட்சருக்கு எதிரே கேட்சர் குந்தியிருந்து விரலால் சைகை காட்டுவான். ஒவ்வொரு பந்தும் இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவு. நம் பௌலர் ஓவர் முடிந்ததும் ஃபைன் லெக்கில் வெயிலில் போய் நின்று, அடுத்த ஓவருக்குத் தானே யோசித்துக்கொள்கிறான். இரண்டிலும் நல்லவன் என்பவன் போன பந்தில் வாங்கிய அடியை அடுத்த பந்துக்குள் மறக்கத் தெரிந்தவன்.

எந்தக் கைக்கு எந்த வேலை என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியர் வாய்ப்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன், புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீச்சாளராகத்தான் தொடங்கினார். 14 வயதில் ஆஃப் ஸ்பின்னுக்கு மாறும்படி சொன்னவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, அசாதாரணமாகச் சுழலும் மணிக்கட்டு. அந்த உடம்போடு அவர் 800 டெஸ்ட் விக்கெட் வரை போனார். வேகப்பந்திலேயே அந்தப் பள்ளி அவரை உழைக்க விட்டிருந்தால் நாம் அவர் பெயரைக் கேட்டிருப்போமா?

இனி உடம்பு. பிட்சரின் பலவீனம் முழங்கையின் உள்பக்கத் தசைநார். ஒவ்வொரு முழுவேக எறியிலும் அது தன் தாங்குதிறனின் விளிம்புக்கு இழுபடுகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு அது அறுந்தபோது, ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் உடம்பின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர்தான். வேதனை என்னவென்றால் அதே சிகிச்சைக்கு இப்போது பள்ளிப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பௌலரின் பலவீனம் கீழ்முதுகு. ஓடிவந்த உடம்பு முன்காலில் நிற்கும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை பாதத்திலிருந்து மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து, திரும்பி, பக்கவாட்டில் சாய்கிறது. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் இருக்கும் கலப்பு ஆக்‌ஷன் இதில் மிக ஆபத்தானது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. முதுகெலும்பில் மயிரிழை விரிசல் விழும். 1973-இல் டென்னிஸ் லில்லிக்கு அதுதான் நேர்ந்தது. உடம்பையும் ஆக்‌ஷனையும் புதிதாகக் கட்டியெழுப்பிக்கொண்டு திரும்பி வந்த அவர்தான், 1987-இல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார். புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் அப்படியோர் அறிவு இருந்தது. நம் பள்ளி மைதானங்களுக்கு அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

(இதே ஊரில் மூன்றாவது ஓர் எறிதலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க். 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டைக் கையைத் தாழ்த்தி வீசும் ஆட்டம். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் தள்ளாத வயதிலும் அதை ஆடுகிறார்கள். தோளுக்கு மேலே போகாத கை நெடுநாள் உழைக்கும்.)

பேஸ்பால்காரர்கள் காயத்தை எண்ணத் தொடங்கினார்கள். 9 முதல் 14 வயது வரையான 481 பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2011-இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு 3.5 மடங்கு என்று கண்டார்கள். அதற்கு முன் 2006-இல் வந்த இன்னோர் ஆய்வு, அறுவை சிகிச்சைக்கு வந்த பையன்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 36 மடங்கு. இந்தக் கடைசி எண்ணை நம் ஒவ்வொரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அறையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

அந்த எண்களிலிருந்து விதிகள் வந்தன. 2014-இல் அமெரிக்காவில் வெளியான பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 15, 16 வயதுப் பையனுக்கு ஒரு நாளில் 95 பந்து, 17, 18 வயதில் 105. பெரிய ஆட்டம் போட்டால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்ச் செய்யவே கூடாது. பிட்சராக ஆடியவனை அதே ஆட்டத்தில் கேட்சராக உட்கார வைக்கக் கூடாது, அதுவும் எறியும் வேலைதான் என்பதால்.

ஜப்பானில் மனம் மாற இன்னும் நாளாயிற்று. 1915-இல் தொடங்கிய அவர்களுடைய கோடைக்காலப் பள்ளிப் போட்டி, கோஷியென் மைதானத்தில் நடப்பது, அங்கே ஒரு திருவிழா. 1998 காலிறுதியில் மட்சுசாகா டைசுகே 17 இன்னிங்ஸில் 250 பந்து போட்டான். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் வென்றான். 2006-இல் சைட்டோ யூகி ஒரே போட்டித் தொடரில் 948 பந்து. நாடே கண்ணீர் விட்டுக் கைதட்டியது. வலியைத் தாங்குவதுதான் வீரம் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

2019 ஜூலையில் இவாதே மாகாணத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். ஓஃபுனாட்டோ உயர்நிலைப் பள்ளியின் சசாகி ரோகி அந்த ஏப்ரலில் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போட்டிருந்தான். மாகாணப் போட்டியில் ஓர் ஆட்டத்தில் 194 பந்து, அரையிறுதியில் 129. மறுநாளே இறுதியாட்டம். வென்றால் கோஷியென். பயிற்சியாளர் கொகுபோ யோஹெய் அவனை இறக்கவே இல்லை. காயம் வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஓஃபுனாட்டோ 2-12 என்று தோற்றது. பள்ளிக்குத் திட்டித் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஊரின் கனவைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். 2022 ஏப்ரலில், 20 வயதில், சசாகி ஜப்பான் தொழில்முறை லீக்கில் ஒருவரையும் தளம் ஏற விடாத பரிபூரண ஆட்டம் ஆடினான், 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து. அந்த இறுதியாட்டத்தில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 2-12 ஸ்கோரில் அந்தப் பயிற்சியாளர் காட்டிய துணிவை நான் எந்த வெற்றியிலும் பார்த்ததில்லை. 2020 முதல் ஜப்பானியப் பள்ளி பிட்சருக்கு வாரத்தில் 500 பந்து என்று வரம்பு வந்தது. என்னைக் கேட்டால் அதுவும் அதிகம்.

கிரிக்கெட்டில் விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் என்று வயதுவாரியாக வகுத்திருந்தது. புதுச்சேரி கிரிக்கெட் சங்கம் இந்திய வாரியத்தின் குடைக்குள் வந்த பிறகு, துத்திப்பட்டு மைதானத்தில் நடக்கும் வயதுவாரிப் போட்டிகளுக்குப் போகும் பையன்களைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நாம் எண்ணுவது போட்டி ஓவரை மட்டும். வலையில் போட்ட நூறு பந்தை யாரும் எண்ணுவதில்லை. 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பை அணிப் பயிற்சியாளருக்கு, சனிக்கிழமை பள்ளி அணிக்காகப் பையன் என்ன போட்டான் என்று தெரியாது. பள்ளி ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தடுத்துவிடலாமே என்று சொல்வது எளிது. டென்னிஸ் பந்துப் போட்டியில் பரிசுப் பணம் உண்டு; மீன் ஏலம் விடும் வீட்டிலிருந்தும் ஆட்டோ ஓட்டும் வீட்டிலிருந்தும் வரும் பையனுக்கு அது சின்னத் தொகை அல்ல. தவிர, சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜனைத் தந்தது அந்தக் களம்தான். 20 வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான உடனே ஆக்‌ஷன் சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்து, கையை முதலிலிருந்து திருத்திக்கொண்டார். டிசம்பர் 2020-க்கும் ஜனவரி 2021-க்கும் இடையே ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அவருடைய யார்க்கர் டென்னிஸ் பந்தில் பழுத்தது. அந்தக் களத்தை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. வார நாளில் பள்ளி அணி, வார இறுதியில் ஊர் ஊராகப் போகும் பயண அணி, இரண்டு பயிற்சியாளரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கணக்கு அணிக்கு அணி தனித்தனியாக இருந்தவரை பயனில்லை என்று அவர்கள் கண்டார்கள், கைக்குத்தான் கணக்கு. நம் பையன்களுக்கும் அது போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று, அவனுடைய கிட் பையிலேயே. தேதி, எங்கே, தோல் பந்தா டென்னிஸ் பந்தா, எத்தனை பந்து, மறுநாள் காலை முதுகு எப்படி. பள்ளி ஆசிரியரும் கிளப் அண்ணனும் பிரதேச அணிப் பயிற்சியாளரும் பந்தைக் கையில் கொடுக்கும் முன் அதைத் திறந்து பார்க்க வேண்டும். எழுத வேண்டியவன் பையனே. ஏனென்றால் அந்த எல்லா மைதானங்களிலும் இருப்பவன் அவன் ஒருவன்தான்.